வைகைக்கு எத்தனை துறை?

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். அன்று பிற்பகல் மதுரையில் பிடித்த மழை சுமார் 10 சென்டிமீட்டரைக் கொட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது. செல்லூரும் அதை ஒட்டிய வடபகுதித் தெருக்களும் மூழ்கின. மழை விட்டது, தண்ணீர் வடியவில்லை. அழகர்மலைப் பக்கமிருந்து சரிந்து வரும் நிலத்தில் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துக் கிடக்கின்றன. மேல் கண்மாய் நிறைந்து வழிகிற மறுகால் தண்ணீர்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. வரிசையின் கடைப்பக்கத்தில் செல்லூர்க் கண்மாய். அது நிறைந்தால் மிச்சம் வைகைக்குப் போயாக வேண்டும். போகிற வாய்க்கால் அன்று வந்த தண்ணீருக்குப் போதவில்லை. அப்புறம் புதிய வாய்க்காலுக்கு அரசு பணம் ஒதுக்கியது.

இந்த ஒரு பிற்பகலை முழுதாகப் புரிந்துகொள்ள எத்தனை பேருடைய குறிப்பேடுகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மழை எவ்வளவு என்பது வானிலை ஆய்வுத் துறையிடம். கண்மாயின் கணக்கு, பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையிடம், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருக்குள் ஓடும் வாய்க்கால் மாநகராட்சியுடையது. பத்து நாள் கழித்து வருகிற காய்ச்சல் சுகாதாரத் துறையின் பதிவேட்டில் ஏறும். அந்தப் பள்ளத்தில் முன்பு என்ன இருந்தது, எப்போது வீடு வந்தது என்பது தெருவிலுள்ள வயசாளிகளுக்குத்தான் தெரியும்.

அரசு இப்படிப் பிரிந்து கிடப்பது நிர்வாக வசதிக்காக என்று சொல்லிவிடலாம். பல்கலைக்கழகமும் அப்படியே பிரிந்து கிடக்கிறது. ஆற்றில் இறங்குகிற இடத்துக்குத் தமிழில் துறை என்று பெயர். கல்வியில் டிபார்ட்மென்ட்டுக்கும் அதே சொல்தான் வந்து சேர்ந்தது. பொருத்தமான சொல். வைகையில் எத்தனை துறை இருந்தாலும் ஓடுவது ஒரே தண்ணீர். ஆனால் வேதியியல் துறையில் இறங்கியவர் கண்ட ஆறு வேறு, புவியியல் துறையில் இறங்கியவர் கண்ட ஆறு வேறு. நாட்டார் வழக்காற்றியலில் இறங்கியவரை ஆற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

பேரிடரையும் சுற்றுச்சூழலையும் கண்காணிக்க ஒரு பல்கலைக்கழகம் முழுவதும் சேர்ந்து வேலை செய்வது என்ற யோசனை புதிதில்லை. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகம் பேரிடர்த் தடுப்புக்கென்று தனி ஆய்வு நிறுவனத்தை 1951இலேயே தொடங்கிவிட்டது. 2011 சுனாமிக்கு அடுத்த ஆண்டு தொஹோகு பல்கலைக்கழகம் பேரிடர் அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் திறந்தது. நிலநடுக்கம் படித்தவர், மருத்துவர், வரலாற்று ஆவணம் படிப்பவர் எல்லாரும் அதில் ஒரே கூரைக்குக் கீழே. அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. அவ்வளவு பணமும் இல்லை, நமக்கு வருகிற ஆபத்தும் வேறு வகை. ஆனால் மதுரைக்கு வேறு சில வசதிகள் உண்டு. அவற்றையும் இப்படிப்பட்ட கூட்டுத் திட்டம் வழக்கமாக எந்த இடத்தில் உடைகிறது என்பதையும்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

உடைகிற இடத்திலிருந்தே தொடங்கலாம். நிதி தருகிற அமைப்பு 'பல்துறைத் திட்டம்' கேட்கிறது. ஒரு வாரத்துக்குள் முன்மொழிவு போக வேண்டும். பத்துத் துறைத் தலைவர்களிடமிருந்து தலா இரண்டு பக்கம் வாங்கி, 'காலநிலை', 'தாங்குதிறன்', 'நீடித்த வளர்ச்சி' என்று மூன்று சொற்களைத் தலைப்பில் போட்டு, ஊசி நூலால் தைத்து அனுப்புகிறார்கள். பணம் வந்ததும் பத்தாகப் பிரிகிறது. ஒருவர் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்குகிறார், இன்னொருவர் டிரோன் வாங்குகிறார், மூன்றாமவர் இரண்டு நாள் கருத்தரங்கு நடத்திப் பை கொடுக்கிறார். மூன்றாவது வருஷ முடிவில் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பும்போதுதான் எல்லாரும் மறுபடி ஒரே அறையில் உட்காருகிறார்கள். அவரவர் செய்தது நல்ல வேலையாகவே இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் வேதியியல்காரர் தண்ணீர் எடுத்த நாளும் தொலையுணர்வுக்காரரின் செயற்கைக்கோள் படத்து நாளும் வேறு. ஒருவர் விரகனூர் மதகணையில் எடுத்தார், மற்றவர் வரைந்தது ஆண்டிபட்டிப் பக்கம். இரண்டையும் ஒட்டவே முடியாது.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கப் புட்டுக்கு மண் சுமந்த கதையே போதும். வைகை உடைத்துக்கொண்டபோது பாண்டியன் கரையைப் பங்கு பிரித்தான், வீட்டுக்கு ஓர் ஆள் என்று. எல்லாரும் அடைத்துவிட்டார்கள், வந்திப் பாட்டியின் பங்கு மட்டும் கிடந்தது. கூலியாளாக வந்த சொக்கன் புட்டைத் தின்றுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஆவணி மூலத்தன்று ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் இந்தக் கதையில் பிரம்படியைத்தான் எல்லாரும் ரசிப்பார்கள். எனக்குக் கதையில் பிடித்தது அந்தக் கணக்கு. கரையில் 99 பங்கு அடைத்தாலும் ஒரு பங்கு திறந்திருந்தால் அடைத்தது பூஜ்யம்தான். நம் கூட்டுத் திட்டங்களிலோ ஒன்பது துறை வேலை செய்து ஒரு துறை தூங்கினால், 90 சதவீதம் முடிந்ததாக அறிக்கை எழுதலாம். பங்கு பிரித்ததில்தான் கோளாறு. கரையாகப் பிரிக்காமல் வயலாகப் பிரித்துவிடுகிறோம். பக்கத்து வயல் காய்ந்தாலும் என் வயல் விளைந்துவிடும்.

கரையாகப் பிரிப்பது எப்படி? ஒரே தலைப்பு வைத்தால் போதாது என்பது என் கட்சி. ஒரே இடம், ஒரே நாள், ஒரே குறிப்பேடு வேண்டும். மதுரையில் இதற்கு இயற்கையாகவே ஒரு நாள் அமைந்திருக்கிறது, சித்திரைத் திருவிழா.

அழகர் ஆற்றில் இறங்குவதற்காக ஒவ்வோர் ஆண்டும் வைகை அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். கோடையின் உச்சம். ஆறு பெரும்பாலும் காய்ந்த மணலாகவும், ஊருக்குள் சாக்கடை ஓடையாகவும் கிடக்கும் நேரம். அந்த உலர்ந்த படுகையில், நீர்வளத் துறை அறிவித்த நாளில், அறிவித்த அளவில், சுமார் 70 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு நீர்த்தலை, அதாவது ஓடிவரும் தண்ணீரின் முன்முனை, கிளம்பி வருகிறது. ஆய்வகத்தில் பல லட்சம் செலவழித்துச் செய்ய வேண்டிய சோதனையை அரசே வருஷா வருஷம் ஊர்த் திருவிழாவுக்காகச் செய்து கொடுக்கிறது. எவ்வளவு திறந்தோம் என்பது தெரியும், எப்போது திறந்தோம் என்பதும் தெரியும். வழியில் எங்கே எத்தனை மணிக்கு வந்தது, மணல் எவ்வளவு குடித்தது, ஊருக்குள் நுழையும்போது எவ்வளவு மிச்சம் என்று அளந்தால், வெள்ளக் காலத்தில் அணை திறந்தால் மதுரைக்கு எத்தனை மணி நேர அவகாசம் இருக்கும் என்ற கணக்குக்கு நேரடி அடிப்படை கிடைக்கும். காய்ந்த படுகையில் வரும் தண்ணீரும் ஏற்கெனவே நனைந்த படுகையில் வரும் வெள்ளமும் ஒரே வேகத்தில் வராது, வாஸ்தவம்தான். அந்த வித்தியாசத்தைக் கணிக்கவும் முதலில் ஒரு பக்கத்து அளவு கையில் இருக்க வேண்டும்.

இந்த ஒரு நிகழ்வில் எல்லாத் துறைக்கும் வேலை இருக்கிறது. நீரியல்காரருக்கு நீர்த்தலையின் வேகம். வேதியியல்காரருக்குப் புதுத்தண்ணீர் வருவதற்கு முன்னும் பின்னும் கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா. இயற்பியல், கணினித் துறைகளுக்கு நீர்மட்டக் கருவியும் அதன் தகவல் இணைப்பும். உயிரியல் புலத்துக்குக் கழிவுநீர்க் கிருமிகள், கொசுப்புழு. சமூகவியலுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் கூட்டம். அதுவும் ஒரு பேரிடர் விஷயம்தான்: 2022இல் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். நாட்டார் வழக்காற்றியலுக்கு, விழா தேனூரிலிருந்து மதுரைக்கு வந்த கதையும், எந்தக் கரையில் எந்த மண்டகப்படி ஏன் மேட்டில் இருக்கிறது என்பதும். எல்லாரும் அதே மூன்று நாள், அதே ஐந்தாறு இடம். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவரின் தாளில் ஒரு பத்தி காலியாக நிற்கும். வந்திப் பாட்டியின் பங்கு மாதிரி, அது கண்ணில் குத்தும்.

சரி, மூன்று நாள் போக மீதி 362 நாளும்?

இங்கேதான் 'கண்காணிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அளந்துகொண்டே இருப்பது மட்டும் கண்காணிப்பு ஆகாது. நம் பகுதியிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் தகவல் போகும். மிக எளிய ஏற்பாடு. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யார், யாருக்கு, என்ன சொல்ல வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. பல்கலைக்கழகத் திட்டத்தில் வைக்கிற ஒவ்வொரு கருவிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்: இது இந்த எண்ணைக் காட்டினால் நாளைக்கு யார் என்ன செய்வார்? பதில் இல்லாத கருவி ஆய்வுக் கட்டுரைக்கு உதவும். ஊருக்கு உதவுமா என்பது சந்தேகம்.

செல்லூருக்கு அப்படிப்பட்ட எண் இல்லை. வைகை அணை நிறைந்தால் எச்சரிக்கை உண்டு, செல்லூர்க் கண்மாய் நிறைந்தால் கிடையாது. ஆற்று வெள்ளம் அணையிலிருந்து வரும், நேரம் கிடைக்கும். நகர வெள்ளம் தலைக்கு மேலிருந்தும் பக்கத்துக் கண்மாயிலிருந்தும் வரும், சில மணி நேரம்கூடக் கிடைக்காது. அதனால்தான் நகர மழையை அளக்கும் விதமே வேறாக இருக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான மழைக் கணக்கு காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேரத்துக்கு எடுக்கப்படுவது. வெள்ளிக்கிழமை பிற்பகல் பெய்த மழை சனிக்கிழமைத் தேதியில் ஏறும். பயிருக்கு அது போதும், ஒரு நாள் முன்னேபின்னே இருந்தால் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. தெருவுக்குக் கால் மணி நேரக் கணக்கு வேண்டும். அதே 10 சென்டிமீட்டர் நாள் முழுக்கத் தூறினால் வாய்க்கால் தாங்கும், ஒரே மூச்சில் கொட்டினால் தாங்காது.

மழை மேகத்தைக் காட்டும் வானிலை ராடார் பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். காரைக்கால் ராடாரும் திருவனந்தபுரம் ராடாரும் மதுரையிலிருந்து தலா 200 கிலோமீட்டருக்கு மேல். பூமி உருண்டை என்பதாலும் ராடார் கதிர் கொஞ்சம் மேல்நோக்கியே கிளம்புவதாலும் மதுரைக்கு வரும்போது அது தரைக்கு மேலே சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. திருவனந்தபுரத்துக்கும் நமக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை வேறு. ஆக, மேகத்தின் தலையைப் பார்க்கலாம், காலடியில் என்ன கொட்டுகிறது என்பது சரியாகத் தெரியாது. தரையில் நெருக்கமாக மழைமானிகள் வைப்பது ஒன்றுதான் கையிலிருக்கும் வழி. மதுரையில் அதற்கு இடம் உண்டு: 1881இலிருந்து இருக்கிற அமெரிக்கன் கல்லூரி, சொக்கிகுளத்தில் லேடி டோக், திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி, யானைமலை அடியில் வேளாண் கல்லூரி, மேற்கே நாகமலைக்குப் பக்கம் காமராசர் பல்கலைக்கழகம். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஊரைச் சுற்றி ஒரு வளையமே வருகிறது. ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஒன்று வைக்கலாம்.

மொட்டைமாடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு கல்லூரியில், இந்த ஊர் இல்லை, மாடியில் வைத்த தானியங்கி மழைமானி ஐப்பசி முழுக்கப் பூஜ்யம் காட்டியது. ஊரே நனைந்துகொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் புனலில் புறா கூடு கட்டி முட்டையும் இட்டிருந்தது. கருவியை வாங்கிய துறை, வாங்கியதோடு எங்கள் வேலை முடிந்தது என்றது. மாடி பராமரிப்பு வேறு பிரிவு. மாடிச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் ஒப்பந்த நிறுவனத்து ஆள். கூட்டை எடுக்க ஐந்து நிமிடம், எடுக்க அனுமதி வாங்க மூன்று வாரம். அதைவிட மோசம், அந்தப் பூஜ்யங்கள் அதற்குள் ஓர் ஆய்வேட்டின் அட்டவணைக்குள் போய்விட்டன.

கருவி வாங்கப் பணம் தருகிற திட்டங்கள், கருவியைத் துடைக்கிற ஆளுக்குச் சம்பளம் தரத் தயங்குகின்றன. முன்மொழிவில் முதல் வரியாக எழுத வேண்டியது ஒரு தொழில்நுட்ப உதவியாளர், ஒரு இருசக்கர வண்டி, பெட்ரோல். வாரம் ஒருமுறை எல்லா இடத்துக்கும் போய் வருகிற ஆள். பேராசிரியர் இல்லாமல்கூட இந்தத் திட்டம் ஓடும், அந்த ஆள் இல்லாமல் ஓடாது.

செயற்கைக்கோள் இருக்கும்போது இத்தனை அலைச்சல் எதற்கு என்று கேட்பார்கள். லேண்ட்சாட் 1972இலிருந்து படம் எடுக்கிறது, ஐரோப்பாவின் சென்டினல் படங்கள் இலவசம், நம் தேசியத் தொலையுணர்வு மையத்தின் புவன் வரைபடத் தளம் இணையத்தில் திறந்தே இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் கொண்டது. எல்லாம் சரி. ஆனால் நைசார் ஒரே இடத்துக்குத் திரும்பி வர 12 நாள். செல்லூரில் தண்ணீர் நின்றது அதைவிடக் குறைந்த காலம். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும், வடகிழக்குப் பருவமழையில் அது பார்ப்பது மேகத்தை. செயற்கைக்கோளின் பலம் வேறு இடத்தில்: ஐம்பது ஆண்டில் எந்தக் கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பு, எவ்வளவு சுருங்கியது, எந்த வரத்துக் கால்வாய் மேல் மனைப்பிரிவு வந்தது என்பதற்கு அதைப்போன்ற சாட்சி கிடையாது.

உயரக் கணக்கிலும் ஒரு சிக்கல். இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்களில் சில மீட்டர் பிழை சாதாரணம். மதுரை மாதிரித் தட்டையான ஊரில் ஒரு தெரு மூழ்குவதும் அடுத்த தெரு தப்புவதும் இரண்டு அடி வித்தியாசத்தில். ஆகவே கணினி காட்டும் பள்ளத்தை நம்பி வெள்ள வரைபடம் போட்டால் மேட்டுத் தெருவுக்கு நீலம் அடித்துவிடும். அதைத் திருத்தச் சுவரில் படிந்த தண்ணீர்க் கறையை அளப்பது ஒரு வழி. இன்னொன்று பெயர்கள். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், உலகனேரி: வீட்டு முகவரியிலேயே குளமும் ஏரியும் இருக்கிற ஊர் இது. எந்தப் பெயர் எந்தக் கரையைக் குறித்தது, மடைக்கருப்பு எந்த மடைக்குக் காவல் இருந்தார், அய்யனார் நிற்கும் மேடு எந்தக் கண்மாயின் கரை என்று தேடிப் பதிவு செய்வது தமிழ், நாட்டார் வழக்காற்றியல், வரலாற்றுத் துறைகளின் வேலை. பல்துறைத் திட்டத்தில் இவர்களை 'விழிப்புணர்வுப் பாடல்' எழுதக் கூப்பிடுவது வழக்கம். அளவீட்டிலேயே அவர்களுக்கு இடமிருக்கிறது. மறுகால், கலுங்கு, உள்வாய், வரத்து ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவுக்கோடு. நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவராக, வேலை பார்த்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இந்தக் கண்மாய் மறுகால் போனால் தண்ணீர் எப்படிப் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். கணினிக் கணிப்பு சொல்லாத திருப்பங்களை விரலாலேயே வரைந்து காட்டுவார்.

துறைகளுக்கு நடுவே சொல் சண்டை இன்னொரு தொல்லை. 'வெள்ளம்' என்றால் நீரியல்காரருக்கு இத்தனை கன அடி. தொலையுணர்வுக்காரருக்கு நீலமான படப்புள்ளி. சமூகப் பணித் துறைக்கு அடுப்பு நனைந்த வீடு. மருத்துவருக்குப் பத்து நாள் கழித்து எலிக்காய்ச்சலும் டெங்குவும். மதுரை சொக்கிகுளத்தில் கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயவென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. அவர்களைக் கேட்டால், தெருவில் ஓடிய தண்ணீரைவிட ஓடாமல் தேங்கிய தண்ணீரைக் காட்டுங்கள் என்பார்கள். இதில் யாரும் தப்பில்லை. ஆனால் முதல் மாதமே ஒரே அட்டவணையில் நாலையும் எழுதி, எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அலகும் அப்படித்தான்: பொதுப்பணி ஆட்கள் அடியிலும் கன அடியிலும் பேசுவார்கள், ஆய்வேடு மீட்டரில் எழுதப்படும். நேரமும் அப்படித்தான்: செயற்கைக்கோள் பதிவுகள் கிரீன்விச் நேரத்தில் வரும், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இதைக் கவனிக்காமல் ஒரு மழையை இரண்டு நாளாக எண்ணிய கதை நிறைய உண்டு.

வெள்ளத்திலேயே இவ்வளவு நேரம் நின்றுவிட்டேன். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணி மலையில் தீ பரவி, மலையேறப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் தீத்தகவலை அலைபேசிக்கே அனுப்புகிறது, ஆனால் செயற்கைக்கோள் நாளுக்குச் சில முறைதான் கடக்கும். காய்ந்த புல்லில் தீ அதுவரை காத்திருக்காது. அங்கே கண்காணிக்க வேண்டியது தீயைவிடப் புல்லின் ஈரத்தை. காற்று மாசுக்கு மலிவான கருவிகள் வந்துவிட்டன, மழைக்கால ஈரப்பதத்தில் அவை நுண்துகளைக் கூட்டிக் காட்டும். தரமான ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்தாமல் அந்த எண்களை வெளியே விடக் கூடாது. நிலத்தடி நீரில் புளோரைடு, மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கடினப் பாறையிலிருந்து கரைவது, செய்தியில் வராத மெதுவான பேரிடர். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. கோடையில் மட்டம் இறங்கும்போது ஓர் எண், மழைக்குப் பின் ஓர் எண். வருஷம் ஒருமுறை அளந்துவிட்டுப் போனால் இது தெரியாது.

அரிட்டாபட்டி தனிக் கதை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சிக்கி, மேலூர் மக்கள் போராடி, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தச் சண்டையின்போது ஊர்க்காரர்கள் கையில் வைத்திருந்தது சுனைகளின் கணக்கு, பறவைகளின் பட்டியல், கல்வெட்டு. வருஷக்கணக்காகப் பொறுமையாக எழுதிவைத்த குறிப்பு என்றைக்கு, எந்த மேசைமேல் தேவைப்படும் என்று எழுதும்போது தெரிவதில்லை.

இனி யாரும் பேச விரும்பாத விஷயம். பேராசிரியர்கள் ஏன் சேர்ந்து வேலை செய்யத் தயங்குகிறார்கள்? பலர் இதைக் குணம், அகந்தை என்பார்கள். எனக்கு அது கணக்கு என்றுதான் படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, ஒரு கட்டுரையை இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீத மதிப்பெண். இருவருக்கு மேல் என்றால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30. தனியாக எழுதினால் முழுசும் உங்களுக்கு. பத்துத் துறை சேர்ந்து ஒரு நல்ல கட்டுரை எழுதினால் ஒன்பது பேருக்கு 30. பதவி உயர்வு அந்த மதிப்பெண்ணில் இருக்கும்போது, விவரம் தெரிந்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஒரே தரவிலிருந்து முதலாண்டு வேதியியல் கட்டுரை, இரண்டாமாண்டு நீரியல் கட்டுரை, மூன்றாமாண்டு இடப்பெயர் ஆய்வுக் கட்டுரை என்று யார் எதில் முதல் ஆசிரியர் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுடைய பெயர் இறுதியில் நன்றியுரைக்குப் போய்விடுகிற அபாயம் எப்போதும் இருக்கிறது.

தரவு யாருடையது என்பதும் அதே தாளில் வர வேண்டும். "என் கட்டுரை வந்த பிறகு தருகிறேன்" என்பதுதான் கூட்டுத் திட்டங்களில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். நீர்மட்டமும் மழையும் அன்றன்றே பொதுவில் போகட்டும். வீடுவீடாகக் கேட்ட விவரங்கள் மட்டும் பெயர் நீக்கி, பூட்டி வைக்க வேண்டியவை. ஒரு தெரு மூழ்கும் என்று பல்கலைக்கழகமே பட்டியல் போட்டால், பட்டா இல்லாத குடும்பத்துக்கு அது வெளியேற்ற நோட்டீஸாகத் திரும்பி வரலாம்.

எச்சரிக்கை விடுவது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர். துறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து 'அபாயம்' என்று ஒரு செய்தி கசிந்தால், அடுத்த முறை ஆட்சியர் அலுவலகம் போனையே எடுக்காது. தகவலை அங்கே தருவது, முடிவை அங்கே விடுவது. அதற்கு மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவது நல்லது. முகம் தெரிந்தவர் சொன்னால்தான் இரவு இரண்டு மணிக்கு நம்புவார்கள்.

கடைசியாகப் பணம் தீர்ந்த பிறகு வரும் நாள். மூன்று வருஷத்தில் திட்டம் முடியும். கருவிகளில் பாதி அதற்கடுத்த கோடைக்குள் சாகும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மாற்று பாடத்திட்டம். சித்திரை நீர்த்தலை அளவீட்டை நாலைந்து துறைகளின் முதுகலைச் செய்முறைத் தாளாக, மதிப்பெண்ணோடு வைத்துவிட்டால், நிதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் மாணவர்கள் வந்தே ஆக வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வரும். தேர்வு அட்டவணை போடுகிறவர்களோடு ஒரு சண்டை இருக்கிறது, அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும். யானைக்கல் தரைப்பாலத் தூணில் பெயின்ட்டால் ஓர் அளவுகோல், கையில் ஒரு கைபேசி, தண்ணீர் பிடிக்கப் பத்து பாட்டில், ஒரு நோட்டு. படகெல்லாம் தேவைப்படாது. வைகையில் அப்போது பெரும்பாலும் முழங்கால் அளவுதான் ஓடும்.